தாம்பரத்திலிருந்து ஒரு பேப்பர்

தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ரெண்டு ரிசர்ச் ஸ்காலர்கள் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரிப்பதே இப்படித்தான் இருக்கும்.

"பேப்பர் என்னடா ஆச்சு?"

"அனுப்பி ஏழு மாசம் ஆச்சு மச்சி. இன்னும் அண்டர் ரிவ்யூன்னே காட்டுது."

அதற்குள் பீச் ட்ரெயின் வந்துவிடும். மிச்சக் கதை கிண்டி வரைக்கும் ஓடும். கைடு ஆறு வாரமாக டிராஃப்டைத் தொடவே இல்லை. ரெஃபரி ரெண்டு பேரும் ரெண்டு விதமாகச் சொல்லிவிட்டார்கள். இங்கிலீஷ் சரியில்லையாம். நல்ல ஜர்னல் என்றால் காசு கேட்கிறார்கள், காசு கேட்காத ஜர்னல் என்றால் ஒன்றரை வருஷம் ஆகும்...

நானும் இந்தக் கும்பலில் ஒருவன்தான். போன மாதம் ஒரு கடுப்பில், நமக்கு முன்னால் இதே ஊரில் படித்தவர்கள் எப்படிப் பேப்பர் போட்டார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். (தீசிஸ் எழுதாமல் இருக்க இது ஒரு சாக்கு என்கிறான் ரூம்மேட். அதுவும் உண்மைதான்.) படித்ததில் தேறியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் ஆள் எல்லோருக்கும் தெரிந்தவர். சி.வி. ராமன். 1906ல் பிரசிடென்சி காலேஜில் எம்.ஏ. மாணவர், வயது 18 ஆகிற சமயம். காலேஜ் ஸ்பெக்ட்ரோமீட்டரை வைத்துக்கொண்டு ப்ரிஸத்தின் கோணத்தை அளக்கும்போது, ஒளிப்பட்டைகள் இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் இருப்பதைப் பார்க்கிறார். மேற்கொண்டு சோதனை செய்து ஒரு கட்டுரையாக எழுதி, பேராசிரியர் ஜோன்ஸிடம் கொடுக்கிறார். ஜோன்ஸ் அதை வாங்கி வைத்துக்கொண்டார். மாதங்கள் ஓடின. சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?) கடைசியில் ராமனே நேராக லண்டனில் இருந்து வந்துகொண்டிருந்த ஃபிலசாஃபிகல் மேகஸின் என்ற ஜர்னலுக்கு அனுப்பிவிட்டார். 1906 நவம்பர் இதழில் வந்துவிட்டது. ஒரே ஒரு ஆசிரியர் பெயர்: ராமன்.

பின்னால் லார்ட் ராலே அவருக்குக் கடிதம் எழுதும்போது 'பேராசிரியர் ராமன்' என்றே குறிப்பிட்டாராம். இப்படி எழுதத் தெரிந்த ஆள் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் நினைத்துக்கொண்டார். இந்த 'பேராசிரியர்' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ராமனுஜன் கதை வேறு மாதிரி. அவருக்குக் கைடே கிடையாது, டிகிரியும் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு அதிர்ஷ்டம். வி. ராமசாமி ஐயர் 1907ல் ஆரம்பித்த கணித சங்கம், 1909 வாக்கிலேயே சொந்தமாக ஒரு ஜர்னல் நடத்தத் தொடங்கியிருந்தது. லண்டனுக்குக் கப்பலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். 1911ல் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை அதில்தான் வந்தது.

வந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். அதற்கு முன்னால் நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஜர்னலின் ஆசிரியர் பெங்களூரில் இருந்த எம்.டி. நாராயண ஐயங்கார். கையெழுத்துப் பிரதி அவருக்கும் ராமனுஜனுக்கும் நடுவே மூன்று முறை போய் வந்தது. விஷயம் புதுசு, ஆனால் எழுதியிருக்கிற விதம் மகா சுருக்கம், சாதாரண வாசகன் பின்தொடர முடியாது என்பது ஆசிரியரின் புகார். இன்றைய பாஷையில் சொன்னால் மூன்று முறை 'மேஜர் ரிவிஷன்'. ராமனுஜனுக்கே! ஆனால் நான் இதில் நாராயண ஐயங்கார் பக்கம்தான். அவர் தூக்கி எறியவில்லை, மூன்று முறை உட்கார்ந்து படித்தார். ஒரு கிளார்க் வேலைகூட இல்லாத பையனின் தாள்களை மூன்று முறை படிக்கிற ஆசிரியர் இன்று எத்தனை ஜர்னலில் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் ராமனுஜனை ஆராய்ச்சி மாணவராக எடுத்துக்கொண்டது. மாதம் 75 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கிலாந்து போவதற்குள் மூன்று ரிப்போர்ட் கொடுத்தார். நாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ப்ராக்ரஸ் ரிப்போர்ட் எழுதி அலுத்துக்கொள்வது பெரிய பரம்பரை வழக்கம் போலிருக்கிறது.

மூன்றாவது ஆள் எஸ். சந்திரசேகர், ராமனின் அண்ணன் மகன். 1928ல் பிரசிடென்சி மாணவர். அந்த வருஷம் ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, பையன் நேராகப் போய்ப் பார்த்தான். நீ படித்திருக்கிற இயற்பியல் பழசாகிவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், இன்னும் அச்சில் வராத தன் கட்டுரையின் ப்ரூஃபைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு சில மாதங்களில் ஒரு கட்டுரை தயார். அனுப்ப நினைத்தது லண்டன் ராயல் சொசைட்டியின் ஜர்னலுக்கு. அங்கே ஒரு சிக்கல். அந்த ஜர்னலுக்கு யார் வேண்டுமானாலும் தபாலில் அனுப்பிவிட முடியாது. சொசைட்டியின் ஃபெல்லோ ஒருவர் வாங்கிச் சமர்ப்பிக்க வேண்டும்.

சித்தப்பா ராமன் 1924லேயே ஃபெல்லோ ஆகிவிட்டவர். ஆனால் பையன் கட்டுரையை அனுப்பியது கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்.எச். ஃபௌலருக்கு. அவரை நேரில் பார்த்ததே இல்லை, அவருடைய கட்டுரையைப் படித்திருந்தார், அவ்வளவுதான். ஃபௌலர் சமர்ப்பித்தார், 1929ல் வெளியானது. அதே ஃபௌலரிடம் 1930ல் கொடுத்த அடுத்த கட்டுரை (வெள்ளைக் குறுமீன்களின் அதிகபட்ச நிறை, பிற்பாடு 1983 நோபலுக்குக் காரணமான வேலை) அவ்வளவு லேசாக நகரவில்லை. ஃபௌலருக்குத் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை, மில்னிடம் தள்ளினார், மில்ன் ஆர்வம் காட்டவில்லை. சந்திரசேகர் அமெரிக்காவின் ஆஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னலுக்கு அனுப்பினார். 1931ல் வந்தது. மொத்தம் இரண்டே பக்கம்.

மூன்று கதையிலும் மாணவனுக்கும் ஜர்னலுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். ஒருவர் பேசாமல் இருந்தார், ஒருவர் மூன்று முறை திருப்பி அனுப்பினார், ஒருவர் ஒருமுறை கதவைத் திறந்து அடுத்த முறை தயங்கினார். விஷயம் நன்றாக இருந்தால் தானாக வெளியே வந்துவிடும் என்று நம்மிடம் சொல்கிறார்களே, அது பாதி உண்மைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிற்க. இதெல்லாம் நகரத்துக் கதை. எனக்கு வேண்டியது தாம்பரத்துக் கதை.

மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரம் காட்டுக்குக் குடிவந்தது 1937ல். (ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்திலேயே அங்கே ஒரு மாணவர் 1908ல் தன் எம்.ஏ. ஆய்வுக் கட்டுரையை அச்சுப் புத்தகமாகவே பார்த்துவிட்டார். வேதாந்தத்தில் நெறிமுறைக்கு இடம் உண்டா என்பது பொருள். கிறிஸ்தவ ஆசிரியர்களின் விமர்சனத்துக்குப் பதில் சொல்வது போல எழுதியது. பேராசிரியர் ஹாக் கோபப்படுவார் என்று பயந்தாராம், ஹாக் பாராட்டினார். மாணவர் பெயர் எஸ். ராதாகிருஷ்ணன்.)

இந்தத் தாம்பரம் வளாகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி. 1932ல் பிறந்து 1988ல் மறைந்தவர். புள்ளியியல்தான் வேலை என்றாலும் மனிதர் கைவைக்காத துறை இல்லை: மாமல்லபுரம் சிற்பங்களில் வரும் உடை, நகைகள், பிராமி எழுத்து, சிந்துவெளி எழுத்து, கம்ப்யூட்டர் தமிழ் எழுத்தைப் படிக்க வைப்பது. மனைவி ராணி சிரோமணி அதே காலேஜில் கணிதம். 'ஃபார்மல் லாங்வேஜ்' என்ற துறையில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவர். 1969ல் இன்ஃபர்மேஷன் அண்ட் கன்ட்ரோல் என்ற சர்வதேச ஜர்னலில் அவர் தனியாக எழுதிய கட்டுரை வந்தது. 2019ல் காலமானார்.

இவர்களோடு மூன்றாவதாக ஒரு பெயர் வருகிறது. கமலா கிருத்திவாசன். ராணியிடம் பி.ஹெச்டி ஆய்வு செய்தவர், பிற்பாடு சென்னை ஐஐடியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியர். இந்த மூன்று பேரும் சேர்ந்து 1972, 1973, 1974 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று கட்டுரைகள் போட்டார்கள். மூன்றும் வெளிநாட்டு ஜர்னல்கள். இன்றைக்கும் அந்தத் துறையில் எழுதுகிறவர்கள் மேற்கோள் காட்டுகிற கட்டுரைகள்.

அதில் என்ன இருந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், கணக்கு பிடிக்காதவர்கள் பயப்பட வேண்டாம். 1950களில் சாம்ஸ்கி கொடுத்த இலக்கணம் என்பது ஒரு வரி எழுத்தை உண்டாக்கும் விதிகள். இடமிருந்து வலம், ஒரே கோடு. படம் என்றால் என்ன செய்வது? அது கோடு இல்லையே, நீள அகலம் இருக்கிறதே? 1972 கட்டுரையின் வழி இது: முதலில் கிடைமட்டமாக ஒரு வரியை உண்டாக்கு. பிறகு அந்த வரியின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி வளர விடு. மாவிலைத் தோரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் கயிறு, பிறகு கயிற்றில் தொங்கும் இலைகள். இதற்கு இன்று உலகம் முழுக்க 'சிரோமணி மேட்ரிக்ஸ் கிராமர்' என்றே பெயர்.

1974 கட்டுரையின் தலைப்பு 'அர்ரே கிராமர்ஸ் அண்ட் கோலம்'. ஆமாம், நம் வாசல் கோலம்தான். ஐந்து புள்ளிக் கோலம் தெரிந்த பெண் அதையே ஏழு புள்ளிக்கும் ஒன்பது புள்ளிக்கும் பெரிதாக்கிப் போட்டுவிடுகிறாள். ஒவ்வொரு அளவையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில்லை. அப்படியென்றால் அவள் மனசில் சில விதிகள் இருக்கின்றன, அந்தச் சில விதிகளிலிருந்து எத்தனை பெரிய கோலமும் வரும். அந்த விதிகளை எழுதிக்காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. எங்கள் அம்மாவிடம் "ஏழு புள்ளிக்கு எப்படிம்மா மாத்துவ?" என்று கேட்டேன். "அது தானா வரும்டா, கை போற வழி" என்றார். அந்தக் 'கை போற வழி'யைத்தான் அவர்கள் இலக்கணமாக எழுதியிருக்கிறார்கள்.

கட்டுரை வந்த ஜர்னல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங். 1972ல்தான் ஆரம்பித்தது. இவர்களுடைய முதல் கட்டுரையும் அதன் முதல் தொகுதியிலேயே இருக்கிறது. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. ஐம்பது வருஷப் பழைய ஜர்னலின் வாசலில் வரிசையில் நிற்பதற்குப் பதில், தங்கள் கேள்விக்குப் பொருத்தமான புது இடம் எது என்று கண்டுபிடித்துப் போயிருக்கிறார்கள். ஜர்னலை உருவாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்காவின் ஏஸ்ரியல் ரோசன்ஃபெல்டே படங்களின் இலக்கணத்தில் ஆர்வம் உள்ளவர். அந்தத் தொடர்பு நீண்டது. 1987ல் சிரோமணி தம்பதி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ரோசன்ஃபெல்ட் பெயரும் கோலமும் சேர்ந்து வருகின்றன. அது கம்பிக் கோலத்தைப் பற்றியது. 1993ல் ராணியும் ரோசன்ஃபெல்டும் சேர்ந்தே படமொழிகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள்.

ஒரு பேப்பரை அந்தக் காலத்தில் அனுப்புவது எப்படி இருந்தது என்பதையும் யோசியுங்கள். சாதாரண டைப்ரைட்டரில் கிரேக்க எழுத்து கிடையாது. அல்ஃபா, பீட்டா, கீழ் எழுத்து, மேல் எழுத்து எல்லாம் இடம் விட்டு அடித்து, பிறகு மை தொட்டுக் கையால் எழுத வேண்டும். படங்கள் டிரேசிங் தாளில் இந்தியன் இங்க். மூன்று பிரதிகள். ஏர்மெயில் எடைக்குக் காசு. ரெஃபரி ஒரு குறியீட்டை மாற்றச் சொன்னால் அந்தப் பக்கம் முழுக்க மறுபடி டைப் அடிக்க வேண்டும். நாம் ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து இன்னொரு டெம்ப்ளேட்டுக்கு மாற்ற ஒரு சாயங்காலம் போச்சே என்று புலம்புகிறோம்.

அதைவிடக் கஷ்டம், மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது. நம்மூர்க் காலேஜ்களில் வெளிநாட்டு ஜர்னல்கள் கைவிட்டு எண்ணக்கூடிய அளவில்தான் வாங்க முடிந்தது. அதற்கு ஒரு எளிய வழி இருந்தது: ரீப்ரிண்ட் கார்டு. 'உங்களுடைய இந்தக் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா' என்று ஒரு போஸ்ட் கார்டு எழுதிப் போட்டால், எழுதியவர் தன்னிடம் உள்ள அச்சுப் பிரதியை இலவசமாக அனுப்பிவைப்பார். தெரியாத ஊரிலிருந்து தெரியாத மாணவன் கேட்டாலும் அனுப்புவார்கள். இன்றைக்கு நாம் ஆசிரியருக்கு மெயில் போட்டு பிடிஎஃப் கேட்பது அந்தப் போஸ்ட் கார்டின் பேரன்தான்.

சிரோமணிகளோடு இந்தக் கதை நிற்கவில்லை. கே.ஜி. சுப்பிரமணியன், ராஜ்குமார் டேர், டி.ஜி. தாமஸ் என்று அந்தத் துறையில் அடுத்தடுத்து வந்தவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1999லும் ராணி இவர்களோடு சேர்ந்து பேட்டர்ன் ரெகக்னிஷன் ஜர்னலில் எழுதியிருக்கிறார். இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். ராமனுக்கும் சந்திரசேகருக்கும் நடுவில் நின்ற ஆள் எங்கேயோ இருந்தார் அல்லது பேசாமல் இருந்தார். தாம்பரத்தில் நடுவில் நின்றவர் பக்கத்து அறையிலேயே இருந்தார், கூட உட்கார்ந்து எழுதினார், தன் பெயரோடு மாணவியின் பெயரையும் போட்டு அனுப்பினார். மாணவர் பிறகு தானே அந்த ஆள் ஆனார்.

சரி, நம் காலத்துக்கு வருவோம்.

2009ல் யுஜிசி ஒரு விதி கொண்டுவந்தது. தீசிஸ் கொடுப்பதற்கு முன்னால் குறைந்தது ஒரு கட்டுரையாவது ரெஃபரி உள்ள ஜர்னலில் வந்திருக்க வேண்டும். 2016ல் அதோடு இரண்டு கருத்தரங்குக் கட்டுரைகளும் சேர்ந்தன. நல்ல எண்ணத்தில் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் நாடு முழுக்க இத்தனை பேர் ஒரு தேதிக்குள் ஒரு பேப்பர் காட்டியாக வேண்டும் என்றால் என்ன நடக்கும்? கடை திறப்பார்கள். திறந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் படிக்காமல் போடுகிற ஜர்னல்களில் வந்த கட்டுரைகள், ஒரு ஆய்வின் மதிப்பீட்டின்படி, உலக அளவில் 2010ல் 53,000 இருந்தது 2014ல் 4,20,000 ஆனது. எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள்.

யுஜிசி 2017ல் அங்கீகரிக்கப்பட்ட ஜர்னல்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த ஜர்னல்களைப் புனேயில் பூஷண் பட்வர்தன் குழுவினர் ஆராய்ந்து 2018 மார்ச்சில் கரண்ட் சயின்ஸில் எழுதினார்கள். 1,009 ஜர்னல்களில் தேறியவை 112. அந்த மே மாதமே யுஜிசி 4,305 ஜர்னல்களை நீக்கியது. 2019ல் கேர் பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டுவிட்டார்கள். நடுவில் 2022 விதிகளில் கட்டாயப் பேப்பர் என்பதே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல பல்கலைக்கழகங்கள் சொந்த விதியாக அதை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஆக, கேட்பது நின்றபாடில்லை, எது நல்ல ஜர்னல் என்று சொல்வது மட்டும் நின்றுவிட்டது.

காசு விஷயம் இன்னொரு பக்கம். யாரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரை போட நேச்சர் 2020ல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023லிருந்து மாதம் 37,000 ரூபாய். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு வருஷ உதவித்தொகை ஒரே பேப்பருக்கு. படிப்பதற்காவது வழி பிறந்திருக்கிறது: 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது, மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 13,000 ஜர்னல்கள் வரை. முதல் கட்டத்தில் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்கு. தாம்பரத்தைச் சுற்றி இருக்கிற தனியார் காலேஜ்களை எண்ணிப் பார்த்தால், போஸ்ட் கார்டுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேலை இருக்கிறது.

அந்தப் 'பேராசிரியர்' விஷயம். என் நண்பன் ஒருவனுக்குப் போன வருஷம் ஒரு மெயில் வந்தது. 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது. அவன் பி.ஹெச்டி சேர்ந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. கட்டுரையை அனுப்பினான். மூன்றாம் நாள் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று பதில், கூடவே பணம் கட்ட வேண்டிய அக்கவுண்ட் நம்பர். ரெஃபரி என்ன சொன்னார் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவன் கட்டுரையில் ஒரு படத்தின் இரண்டு அச்சும் இடம் மாறியிருந்தது. அனுப்பிய பிறகுதான் அவனே கவனித்தான். அங்கே யாரும் கவனிக்கவில்லை.

குரோம்பேட்டையிலிருந்து பல்லாவரம் வரைக்கும் கட்டுவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டு வந்தோம். கட்டினால் அந்த செமஸ்டரே தீசிஸ் வேலையை ஆரம்பிக்கலாம். வீட்டில் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். கட்டாதே என்று சொல்வது எனக்குச் சுலபம், என் அப்பாவுக்குப் பென்ஷன் வருகிறது. கடைசியில் அவன் கட்டவில்லை. படத்தைச் சரி செய்து, நம் நாட்டுச் சங்கம் ஒன்று நடத்துகிற ஜர்னலுக்கு அனுப்பியிருக்கிறான். முதல் ரெஃபரி நாலு பக்கத்துக்குக் கேள்வி கேட்டிருக்கிறார். திட்டிக்கொண்டே பதில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

பி.கு: கிஃப்ட் சிரோமணியின் கட்டுரைகளைச் சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதக் கழகத்தின் இணையதளத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கோலம், பிராமி, மாமல்லபுரம் எல்லாம் உண்டு. காசு கேட்க மாட்டார்கள். கணக்கு புரியாவிட்டாலும் கோலப் படங்களைப் பார்க்கலாம்.